ஸனது இல்லாத பக்கங்கள்

சென்ற ஆண்டு ஷஃபான் விடுமுறைக்குச் சில நாட்கள் முன்னர், எம் மாணவர் ஒருவர் பாடம் முடிந்தபின் தயங்கி நின்று, தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பழுப்பேறிய செய்தித்தாள் ஒன்றின் பக்கம் அது. அதன் வலப்புறப் பத்தியில், நாகைக்கு அண்மையிலுள்ள அவரது மஹல்லாப் பள்ளிவாசலுக்குரிய நன்செய் நிலத்தின் குத்தகை ஏல அறிவிப்பு அச்சாகியிருந்தது. நிலத்தின் நான்கெல்லையும் அதில் இருந்தன. அந்நிலம் வக்ஃபு அன்று என இன்று அதனை அனுபவித்து வருபவர் வாதிடுகிறார்; ஜமாஅத்தார் பல ஆண்டுகளாக அலைகின்றனர். “ஹஜ்ரத், இதைக் கோர்ட்டில் கொடுக்கலாம்தானே?” என்று அவர் கேட்டபோது அவர் கண்களில் இருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் படத்தில் பத்திரிகையின் பெயர் இல்லை. தேதி இல்லை. பக்கத்தின் மேற்புறம் இரண்டு விரற்கடை அளவு படத்துக்கு வெளியே போயிருந்தது.

நாங்கள் இருவரும் அன்று மாலை முழுவதும் அப்பக்கத்தின் காலத்தைக் கணிக்க முயன்றோம். விலைகள் ரூபாய், அணா, பைசாவில் இருந்தன. ஆகவே தசம நாணயம் நடப்புக்கு வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தியது எனலாம். கீழ்ப்புறத்தில் ‘ரஜூலா’ கப்பல் நாகையிலிருந்து பினாங்குக்குப் புறப்படும் நாள் பற்றிய விளம்பரம் பாதி தெரிந்தது. அக்கப்பல் 1926இல் கட்டப்பட்டது. அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் அது படையினரை ஏற்றிச் சென்றமையால் அந்த ஆண்டுகளையும் கழிக்கலாம். காரைக்கால் எல்லையில் பிரெஞ்சுச் சுங்கத்தார் செய்த கெடுபிடி குறித்து ஒரு கடிதம் இருந்தது; எனவே காரைக்கால் இந்தியாவின் ஆட்சிக்கு மாறிய 1954 நவம்பர் முதல் நாளுக்கும் முந்தியது. எஞ்சியது அறிவிப்பிலிருந்த ரஜப் மாதப் பிறையும் கிழமையும். பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதால், போருக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் பொருந்தி வந்தன. அங்கே நின்றோம். மேலிருந்து இரண்டு விரற்கடை வெட்டப்படாமல் இருந்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்க வேண்டிய செய்தி அது.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இந்நிலை புதியதன்று. ஓர் ஆசிரியரிடமிருந்து கல்வியைப் பெறும் முறைகளை இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 643) தம் ‘உலூமுல் ஹதீஸி’ல் எட்டாக வகுத்தார்கள். ஆசிரியர் சொல்லக் கேட்பது முதலாவது, ‘விஜாதா’ இறுதியானது. ஒருவர் எழுதிய ஏட்டை, அவரைச் சந்திக்காமலும் அவரது அனுமதி இல்லாமலும் எங்கோ கண்டெடுப்பதே விஜாதா. கண்டெடுத்தவர் ‘இன்னாரின் கையெழுத்தில் கண்டேன்’ என்று மட்டுமே சொல்லலாம்; ‘இன்னார் எனக்கு அறிவித்தார்’ எனச் சொல்லலாகாது. அவ்வளவு கறாராக இருந்தனர் நம் முன்னோர். கைப்பேசிகளில் இன்று உலவும் பழைய இதழ்ப் பக்கங்களோ விஜாதாவின் தகுதியைக்கூட எட்டாதவை. விஜாதாவிலேனும் கண்டெடுத்தவர் யார், எங்கே கண்டார் என்பது தெரியும். நம் நாட்டுச் சாட்சியச் சட்டமும் இதே வினாவைத்தான் எழுப்புகிறது. முப்பது ஆண்டு கடந்த ஆவணத்துக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த சலுகையும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டம் அளிக்கும் சலுகையும், அவ்வாவணம் உரிய காப்பிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்தவை. ஸனது என நாம் அழைப்பதும் அதுவே.

பழைய இதழ்களை மின்மயமாக்க வேண்டும் என்ற குரல் நம் சமுதாயத்தில் இப்போது அடிக்கடி கேட்கிறது. நல்லது. மாநாட்டு மலர்களிலும் மேடைகளிலும் அதனை ஒரு தீர்மானமாகவே படித்துவிடுகிறோம். ஆயினும் எடுக்கப்பட்டவை எவ்வாறு எடுக்கப்பட்டன என்னும் திறனாய்வு நம்மிடையே எழவில்லை. படம் பிடித்தால் பாதுகாத்தாயிற்று என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இக்கட்டுரையாளனின் மாறுபாடு அதனோடுதான்.

நாகை, நாகூர், காரைக்கால் வட்டாரத்துக்கு இவ்விடயத்தில் தனி அவசரம் உண்டு. நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) பினாங்கில் 1883இல் ‘வித்தியா விசாரிணி’யை நடத்தினார். புலவராகவும் புராண ஆசிரியராகவும் நாம் அவரைக் கொண்டாடுகிறோம். பத்திரிகையாளரான நாவலரைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத இயன்றவர் நம்முள் எத்தனை பேர்? அவரது செய்யுள் நூல்கள் நூல்களாக நின்றன. இதழ் தாளாகப் போயிற்று. சித்தி ஜுனைதா பேகம் அவர்களுக்கும் இதுவே நேர்ந்தது. உ.வே. சாமிநாதையரின் மதிப்புரையோடு 1938இல் வெளிவந்த ‘காதலா கடமையா’ நூல் என்பதால் நினைவில் நின்றது. இதழ்களில் அவர் எழுதிய சிறுகதைகளையும் கட்டுரைகளையும் தேடுபவர் வீடு வீடாக ஏற வேண்டியுள்ளது.

இதழ்கள் ஏன் இவ்வாறு அழிகின்றன என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. செய்தித்தாள் அன்றன்றைக்குப் படித்துப் போடுவதற்கென்றே மலிவான மரக்கூழில் செய்யப்படுவது. மரத்திலுள்ள லிக்னின் நீக்கப்படாத கூழ் அது; ஒளியும் காற்றும் பட்டால் பழுப்பேறி, அமிலம் முற்றி, மடித்த இடத்தில் ஒடிகிறது. கந்தல் துணிக் கூழில் செய்த பழைய தாள் இதனினும் உறுதியானது. நம் அரபுக் கல்லூரிகளின் பழைய கையெழுத்துக் கிதாபுகள் இன்றும் விரலுக்கு இணங்குவதும், பாட்டனார் வாங்கிய வார இதழ் பொடியாவதும் இதனாலேயே. கடலோர ஈரமும் இராமபாணப் பூச்சியும் கரையானும் எஞ்சியதைப் பார்த்துக்கொள்கின்றன. இவை போதாவென்று புயல்கள்: 1952இல் ஒன்று, 1977இல் ஒன்று, 2018இல் கஜா. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை. தமிழகத்தில் மிகுந்த உயிர்களை இழந்தது இம்மாவட்டமே. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட நாளில் காகிதத்தைப் பற்றிப் பேசுவது தகாது என்று அன்று நானும் எண்ணினேன். பின்னர், ஒரு வீட்டார் மொட்டைமாடியில் நனைந்த தாள்களை ஒவ்வொன்றாக உலர்த்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவை நிக்காஹ் பதிவுகளும் மலாயாக் கடிதங்களும். அவர்கள் யாருடைய அறிவுரையும் கேட்டு அதைச் செய்யவில்லை.

நாகையின் துறைமுகம் நம் இதழ்களைக் கடல் கடந்து கொண்டு சென்றது. அதனாலேயே நமக்குரிய வரலாற்றின் ஒரு பகுதி அங்கே தப்பியது. சி.கு. மகுதூம் சாயபு 1887 ஜூனில் சிங்கப்பூரில் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழ் 1890 வரை வெளிவந்தது. சிங்கப்பூரின் தமிழ் இதழ்களுள் இன்று பார்வைக்குக் கிடைப்பவற்றில் மூத்தது அது. 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ம் அந்நாட்டுத் தேசிய நூலக வாரியத்தால் மின்மயமாக்கப்பட்டுள்ளது. அங்கே ஒரு பக்கத்தைத் திறந்தால் இதழின் பெயர், நாள், பக்க எண் ஆகியவை உடன் வருகின்றன. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பதிவேட்டில் எழுதும் ஒழுக்கம் அவ்வளவே. ஆனால் அந்த ஒழுக்கமே பக்கத்தை ஆவணமாக்குகிறது.

இலங்கையின் நிலை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த வடு மறையாத சமூகத்தில் 2005இல் தன்னார்வலர்கள் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். அதில் முஸ்லிம் ஆவணங்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. சித்திலெவ்வை 1882 டிசம்பரில் கண்டியில் தொடங்கிய ‘முஸ்லிம் நேசனை’க் குறித்து அங்குள்ள அறிஞர்கள் நம்மினும் தெளிவாக எழுத முடிகிறதெனில், அவர்கள் தாளைத் தேடிக் காத்ததும் ஒரு காரணம். தமிழகத்திலும் கைகள் சும்மா இருக்கவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் நுண்படமும் மின்னுருவும் எடுத்து வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017இலிருந்து இயங்குகிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ் ஜெரூசலேமின் அல்அக்ஸா பள்ளிவாசல் நூலகத்திலுள்ள, 1900 முதல் 1950 வரையிலான அரபு இதழ்களும் மின்மயமாக்கப்பட்டன. முற்றுகையிடப்பட்ட ஊரின் பள்ளிவாசல் நூலகத்தில் நடந்த பணி, நாகையின் மத்ரஸா ஒன்றில் நடக்க இயலாதது என்று யார் கூற முடியும்?

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவது, தெரிந்தெடுத்துப் படம் பிடிக்கும் வழக்கம். நம்மவர் கட்டு ஒன்று கிடைத்தால் கவிதை, தலையங்கம், தலைவரின் உரை ஆகியவற்றைப் படமெடுத்துக்கொண்டு விளம்பரம், விலைவாசி, கப்பல் வரவு, மரண அறிவிப்பு, சந்தாதாரர் பெயர்ப்பட்டியல் ஆகியவற்றை விட்டுவிடுகின்றனர். எனக்கும் இப்பழக்கம் இருந்தது. முதுகலை ஆய்வேட்டுக்காக நான் குறிப்பெடுத்த நாட்களில் தலையங்கங்களை மட்டுமே கையால் படியெடுத்தேன். இன்று அக்குறிப்பேட்டைப் புரட்டினால் வெட்கமாக உள்ளது. தலையங்கம் அக்காலத்தார் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பினர் என்பதைச் சொல்லும். சந்தாதாரர் பட்டியலோ எவ்வூரில் யார் படித்தனர் என்பதைச் சொல்லும். பினாங்கிலும் ரங்கூனிலும் இருந்து மூன்று ரூபாய் அனுப்பிய நாகூர்க்காரரின் பெயர் வேறெந்த வரலாற்று நூலில் இடம்பெறப்போகிறது? மேற்கண்ட பள்ளிவாசல் நிலமும் விளம்பரப் பத்தியில்தான் கிடந்தது.

இதனோடு சேர்ந்தது ‘நம் இதழ்’ என்னும் வரையறை. நாகையில் வெளிவந்த ‘நாகை நீலலோசனி’யில்தான் இளமையில் மறைமலையடிகள் ‘முருகவேள்’ என்ற புனைபெயரில் எழுதினார். சைவப் பெரியாரின் வரலாறு தேடுவோருக்கு அவ்விதழ் வேண்டும், நமக்கு வேண்டாமா? ஒரே கடைத்தெருவில், ஒரே துறைமுகத்தில் வாழ்ந்த மரக்காயர்களின் செய்தி முஸ்லிம் பெயர் தாங்கிய இதழ்களில் மட்டுமா பதிவாகியிருக்கும்? ஊர் இதழ் என்பது ஊராருக்கெல்லாம் உரியது.

இரண்டாவது குறை எழுத்து வடிவம் பற்றியது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது தமிழுக்கு உள்ளன. புதிய நூல்களில் அவை வியக்கத்தக்க அளவு செம்மையாக இயங்குகின்றன. பழைய இதழ்களில் தடுமாறுகின்றன. தேய்ந்த ஈய எழுத்தில் ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் விழும். 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணா, றா, னா, லை, னை வடிவங்கள் வேறு. இவற்றுக்கு நடுவே அரபுச் சொற்கள். புள்ளி மாறியதால் பொருள் மாறும் பிழையைத் ‘தஸ்ஹீஃப்’ என்று பெயரிட்டு, அதற்கெனத் தனி நூல்களே எழுதினார்கள் முஹத்திஸுகள். இன்றைய கணினி அந்நூல்களுக்கு ஒரு புதிய பாகம் சேர்க்கும் அளவுக்குத் தஸ்ஹீஃபுகளை நாள்தோறும் உண்டாக்குகிறது.

பிரித்தெடுத்தது பிழையற்றதாயினும் தேடுவது எளிதன்று. முஹம்மது என்னும் திருப்பெயரை நம் பழைய அச்சாளர் மகம்மது, மகமது, முகம்மது, முகமது, முஹம்மத் எனப் பலவாறு கோத்தனர். காதிர் என்பது காதிறு, காதர். ஸாஹிப் என்பது சாயபு, சாகிபு, சாய்பு. ‘குலாம் காதிர்’ என இன்றைய வழக்கில் தட்டிவிட்டு, ஒன்றும் இல்லை என்ற விடையைக் கண்டு, நாவலரைப் பற்றிய செய்தியே இல்லை என்று முடிவு கட்டிய ஆய்வாளரை நான் அறிவேன். பெயர்களின் வேற்றுருவங்களை ஓரிடத்தில் தொகுத்து இணைக்கும் அட்டவணை வேண்டும். இதனைக் கணினிப் பொறியாளர் செய்ய முடியாது. அஸ்மாஉர் ரிஜால் பயின்ற, அரபும் பழந்தமிழ் வழக்கும் ஒருங்கே அறிந்த ஒருவர்தாம் செய்ய வேண்டும். அத்தகையோர் அரபுக் கல்லூரிகளில் இருக்கின்றனர். அவர்களை யாரும் அழைக்கவில்லை, அவர்களும் இதனைத் தம் வேலையாகக் கருதவில்லை.

பிரதியை மூலத்தோடு ஒப்பிடும் ‘முகாபலா’வும் இங்கே நினைவுக்கு வருகிறது. எழுதிவிட்டேன் என்ற தம் மகன் ஹிஷாமிடம், ஒப்பிட்டாயா என வினவி, இல்லை என்றதும் அவர் எழுதியதை எழுத்தாகவே ஏற்க மறுத்த உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் செய்தி மாணவர் அனைவரும் அறிந்தது. மின்படம் எடுக்கும் பணியில் முகாபலா என்பது எளிய செயல்: கட்டில் எத்தனை ஏடு, படத்தில் எத்தனை ஏடு, ஒட்டிக்கொண்ட தாள் விடுபட்டதா, மடிப்பில் மறைந்த வரி உண்டா. ஒரு மணி நேரப் படப்பிடிப்புக்கு அரை மணி நேரச் சரிபார்ப்பு. இந்த அரை மணிதான் பெரும்பாலும் செலவிடப்படுவதில்லை.

மூன்றாவதும் பெரிதுமான குறை, படமெடுத்தபின் தாளைத் துறப்பது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பிழையன்று. அமெரிக்க எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் 2001இல் வெளியிட்ட நூலொன்றில், பெரும் நூலகங்கள் நுண்படம் எடுத்துவிட்டோம் என்ற துணிவில் செய்தித்தாள் கட்டுகளை விற்றும் அழித்தும் தீர்த்த கதையைச் சொல்லி, நூலகர்களின் சினத்துக்கு ஆளானார். நுண்படங்களில் பக்கங்கள் விடுபட்டிருந்தன. சில மங்கலாகிப் படிக்க இயலாதவையாயின. திரும்பிப் பார்க்க மூலம் இல்லை. அவர் தம் கைப்பொருளையும் நன்கொடைகளையும் கொண்டு, ஏலத்துக்கு வந்த கட்டுகளை வாங்கிக் காத்தார். அவரது வாதத்தில் மிகை உண்டு. இடமும் பணமும் இல்லாத நூலகம் என்ன செய்யும் என்ற வினாவுக்கு அவர் முழு விடை தரவில்லை என்றே கருதுகிறேன். ஆயினும் கைப்பேசிப் படத்தை நம்பிக் கட்டை எடைக்குப் போடும் நம்மவருக்கு அவர் சொன்னது இரட்டிப்பாகப் பொருந்தும். நன்கு காக்கப்பட்ட நுண்படச்சுருள் நூற்றாண்டுகள் நிற்கும் என்பர். மின்கோப்போ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கலத்துக்கு மாற்றப்பட்டாக வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் குறுந்தகடுகளில் பதிந்து அலமாரியில் வைத்தவற்றை இன்று எத்தனை பேரால் திறக்க முடிகிறது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதைக் காப்பது என்பதில் ஆலிம்களாகிய எங்களுக்கும் ஒரு சார்பு உண்டு. நாச்சியார்கோயில் பா. தாவூத்ஷா 1920களில் தொடங்கி நடத்திய ‘தாருல் இஸ்லாம்’ உலமாக்களைக் கடுமையாகச் சாடியது. பதிலுக்கு அவரும் சாடப்பட்டார். என் ஆசிரியர்களின் தலைமுறையில் அவ்விதழை மத்ரஸா நூலகத்தில் வைப்பது நினைத்துப் பார்க்க இயலாதது. இன்று அவர் வழிவந்தோர் அதன் பழைய பக்கங்களைத் தேடி இணையத்தில் ஏற்றியுள்ளனர். அவற்றைப் படிக்கும்போது அவர் கருத்துகளோடு நான் பல இடங்களில் முரண்படுகிறேன், அவரது தமிழையும் உழைப்பையும் கண்டு வியக்கவும் செய்கிறேன். ஆனால் அவருக்கு மறுப்பு எழுதிய ஆலிம்களின் சிற்றிதழ்களும் துண்டு வெளியீடுகளும் எங்கே? நாம் காக்கவில்லை. எதிர்த்தரப்பை ஒதுக்குவதாக எண்ணி நம் தரப்பையும் இழந்தோம். வருங்கால ஆய்வாளர் அந்த விவாதத்தின் ஒரு பாதியை மட்டுமே கேட்பார். அதற்குத் தாவூத்ஷாவின் குடும்பத்தார் பொறுப்பாக மாட்டார்கள்.

மாணவர் காட்டிய படத்தின் கதையை முடிக்கவில்லை. விடுமுறையில் அவர் அதன் வழியைத் தேடிச் சென்றார். அவருக்கு அனுப்பியவர் கோலாலம்பூரில் இருக்கும் உறவினர். அவருக்கு அது ஒரு வாட்ஸப் குழுவில் வந்தது. குழுவில் இட்டவர் நாகூர்க்காரர். பாட்டனார் வீட்டை இடித்தபோது பரணில் இருந்த கட்டைப் பிரித்து, சுவையாகத் தோன்றிய பக்கங்களைப் படமெடுத்தவர். கட்டு அதே வாரம் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. மேற்புறத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, “பத்திரிகை பேருதான் எல்லாப் பக்கத்துலயும் ஒண்ணுதானே, தம்பி” என்றாராம்.

அவருடைய மாமி வீட்டில் வேறு இரண்டு கட்டுகள் உள்ளன. பெற்றுக்கொள்ள அவ்வீட்டார் இசையவில்லை. அங்கேயே வந்து பார்க்கலாம் என்றனர். ஷவ்வாலில் கல்லூரி திறந்தது முதல், வியாழன் பிற்பகல்களில் நான்கு மாணவர்கள் சென்று, யார் வீடு, எந்தப் பரண், கட்டில் எத்தனையாவது ஏடு என்று ஒரு நோட்டில் எழுதி வருகின்றனர். படம் இன்னும் எடுக்கத் தொடங்கவில்லை. முதற்கட்டில் இதுவரை 39 ஏடுகள் எண்ணப்பட்டுள்ளன. அவற்றுள் எட்டுக்கு முன்பக்கம் இல்லை.